கதை எப்படி முடியும்? 555 புக்குல எழுதிப் பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வளந்தவங்களுக்கு 555 புக்கு என்னன்னு சொல்லவே வேணாம், கையளவு குட்டி நோட்டு, மளிகைக்கடையில கடனா வாங்குற அரிசி, சீனி, சார்டின் டின்னு எல்லாம் அதுல ஏறும், சம்பளம் போட்டதும் ஒவ்வொரு வரியா அடிச்சிடுவாங்க. ஃபேன்டசி சீரீஸ் முடிவுக்கு தியரி கட்டவும் எனக்கு இதுதான் வழி. எழுத்தாளர் நம்மகிட்ட பட்ட கடன்ல எதை இன்னும் கட்டல, அதை எழுதுங்க.

மொதல்ல புக்கை திரும்ப படிங்க. ஒரு பொருளோ, பேரோ, சத்தியமோ சும்மா வந்துட்டு அப்புறம் யாருமே அதப்பத்தி பேசலன்னா அதான் கடன். ஹேரி பாட்டர் அஞ்சாவது புக்குல (2003) பிளாக் குடும்பத்து வீட்டை சுத்தம் பண்றப்ப யாராலயும் தொறக்க முடியாத ஒரு லாக்கெட் கிடைக்கும், ஒரே ஒரு வரி. ஆறாவதுல (2005) ஒரு போலி லாக்கெட்டுக்குள்ள ஆர்.ஏ.பி.ன்னு கையெழுத்து போட்ட சீட்டு வரும். ரெண்டையும் சேத்து அந்த வீட்டு புள்ள ரெகுலஸ் பிளாக்தான்னு ரசிகருங்க சொல்லிட்டாங்க, அதுலயும் டச்சு மொழிபெயர்ப்புல பிளாக் குடும்பத்துக்கு ஸ்வார்ட்ஸ்னு (Zwarts) பேரு, அங்க கையெழுத்தும் ஆர்.ஏ.இசட்.னு மாறியிருந்துச்சு, என்ன அழகான சாட்சி பாருங்க! 2007ல ஏழாவது புக்கு வந்தப்ப அதேதான்.

ஆசைய கடனா எழுதாதீங்க. ஆறாவது புக்குல ஹேரியோட ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர் செத்தது பொய்னு அப்ப எத்தனையோ பேர் நம்புனாங்க, பாசம்தான், ஆனா திரும்பி வரல.

அடுத்து, நீங்க எழுதுன குறிப்புகள மட்டும் வேற ஆளுகிட்ட காட்டுங்க, தியரிய சொல்லாதீங்க. கேம் ஆஃப் த்ரோன்ஸ் மொதல் புக்குலருந்து (1996) நான் எழுதுனது மூணு வரி: லியானா சாகறப்ப அண்ணன் நெட்கிட்ட சத்தியம் வாங்குறா, இளவரசன் ரேகார் அவளுக்கு நீல ரோஜா கிரீடம் குடுத்தான், நெட் போர்லருந்து ஜோன்னு ஒரு கொழந்தையோட வந்தாரு ஆனா அம்மா யாருன்னு பொண்டாட்டிகிட்டகூட வாயத் தொறக்கல. டவுன் ஒட்டுக்கடையில அக்கா மகன் அதைப் படிச்சிட்டு தே தாரிக் கிளாஸ அப்படியே கீழ வச்சான், "மாமா, அப்ப ஜோன் அவரு புள்ளையே இல்லயா?" நான் ஒரு வார்த்தை சொல்லல. ஜோன் லியானா புள்ளன்னு டிவில தெரிய 2016 ஆயிடுச்சு.

டிவி முடிவையும் புக்கு முடிவையும் தனித்தனி பக்கத்துல வைங்க. டிவி 2019லயே முடிஞ்சிடுச்சு, புக்கு அஞ்சாவதோட 2011ல நிக்குது, புக்குல மட்டும் இருக்கிற ஆளுங்க கடன் டிவில அடையாது. அப்புறம் ஒவ்வொரு தியரிக்கு கீழயும் "என்ன நடந்தா இது உடையும்"னு ஒரு வரி கட்டாயம் எழுதணும், அந்த வரி எழுத வரலன்னா தியரி இன்னும் வேகல, திரும்ப படிங்க. கடைசியா தேதி போட்டு வைங்க, அடுத்த புக்கு வந்தப்புறம் பழைய பக்கத்துல கைய வைக்காதீங்க.