கறவை இனக் காளைக் கன்றுகளை முழு எடை வரை வளர்ப்பதா, இப்போதே விற்பதா: முடிவெடுக்கும் முறை

பால் பண்ணையில் பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக் கன்றுகளாகவே இருக்கும். அவற்றுள் சில ஹோல்ஸ்டீன் போன்ற தூய கறவை இனத்தைச் சேர்ந்தவை. வேறு சில, கறவைப் பசுவுக்கு ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு, லிமோசின், பெல்ஜியன் ப்ளூ போன்ற இறைச்சி இனங்களின் விந்தைச் செலுத்திப் பெற்ற கலப்புக் கன்றுகள். நன்றாக வளர்க்கப்பட்ட கன்று எட்டு முதல் பத்து மாதத்திற்குள் 300 முதல் 400 கிலோ எடையை எட்டும்போது, வளர்ப்பவர் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். இன்னும் நான்கைந்து மாதம் அடர்தீவனம் (தானியம் மிகுந்த, சத்துச் செறிந்த தீவனம்) கொடுத்து இறைச்சிக்குத் தயாராகும் வரை வளர்க்கலாம். அல்லது அந்த வேலையை வேறொருவர் செய்துகொள்ளட்டும் என்று இந்த நிலையிலேயே விற்றுவிடலாம். இந்த முடிவைக் கணக்குப் பார்த்து எடுப்பது எப்படி என்பதை, புதிதாக வளர்க்கத் தொடங்கியவருக்கும் புரியும்படி இங்கே விளக்குகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கன்றுக்கு இதுவரை ஊற்றிய பால், தீவனம், மருந்து ஆகியவற்றின் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காளையை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அந்தப் பணம் போனது போனதுதான். “இவ்வளவு செலவழித்த பிறகு இந்த விலைக்கா விற்பது” என்ற ஆதங்கம் எனக்கும் வருவதுண்டு. ஆனால் அந்த ஆதங்கத்தால் தேவையற்று வைத்துக்கொண்ட காளைகளே எனக்கு அதிக நட்டத்தைத் தந்திருக்கின்றன. இன்று விற்றால் கைக்கு வரக்கூடிய தொகைதான் இனிமேலான வளர்ப்பின் முதல் செலவு.

படி 1: எடையை அளந்து எழுதுங்கள்

கண்ணால் பார்த்து எடை சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாள்தோறும் பார்க்கும் மாட்டின் எடையை நாம் பெரும்பாலும் தவறாகவே மதிப்பிடுகிறோம். எடைமேடை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், துணி அளக்கும் நாடாவே போதும். மாட்டைச் சமதளத்தில் நான்கு கால்களும் நேராக ஊன்றும்படி நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், திமில் பகுதியையொட்டி நெஞ்சைச் சுற்றி நாடாவை இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடித்து அளக்க வேண்டும். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பு முனை வரை உடல் நீளத்தை அளக்க வேண்டும். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 140 என்றால் எடை ஏறக்குறைய 373 கிலோ. இது தோராயமான எடைதான். இருந்தாலும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், தீவனம் போடுவதற்கு முன் அளந்துவந்தால், ஒரு மாதத்திற்கும் அடுத்த மாதத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு பயனுள்ள தகவலாக அமையும்.

மூன்று அல்லது நான்கு வாரம் கழித்து மீண்டும் அளந்து, கூடிய எடையை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கான எடையேற்றம் தெரியும். இந்த ஒற்றை எண் இல்லாமல் அடுத்த படிகள் எதுவும் நடக்காது.

படி 2: வாங்குபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்

இறைச்சிக்காக வாங்குபவர், காயடிக்காத காளையை வாங்குவாரா என்பதே முதல் கேள்வி. வாங்குவார் என்றால் எந்த வயது வரை, எந்த எடை வரம்புக்குள், எவ்வளவு கொழுப்புடன் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயது கூடக்கூடக் காளையின் இறைச்சி கருத்து, கடினமாவதால், பல வாங்குபவர்கள் வயதுக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அந்த நாளைத் தாண்டிய காளைக்கு விலை சட்டென்று இறங்கிவிடும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வெட்டிய உடலின் அமைப்பை ஈ, யூ, ஆர், ஓ, பி என்ற எழுத்துகளாலும், கொழுப்பை 1 முதல் 5 வரையிலான எண்களாலும் தரம் பிரிக்கிறார்கள். கறவை இனக் காளைகள் பெரும்பாலும் கடைசி இரண்டு எழுத்துகளில்தான் இடம் பிடிக்கும். பெயர்கள் வேறாக இருந்தாலும், ஒல்லியான பின்தொடைக்கு எந்தச் சந்தையிலும் குறைந்த விலைதான். ஆகவே இறைச்சி இனக் காளைக்குக் கிடைத்த விலையைக் கேள்விப்பட்டு, அதை நம் ஹோல்ஸ்டீன் காளைக்குப் பொருத்திக் கணக்குப் போட வேண்டாம்.

படி 3: இரண்டு வழிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

விலைகள் நாளுக்கு நாள் மாறும் என்பதால், ஒரு கிலோ அடர்தீவனத்தின் விலையை 1 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் மடங்குகளாக எழுதிக் காட்டுகிறேன். உங்கள் கணக்கில் உண்மையான விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்று காளையின் எடை 380 கிலோ. வண்டிச் செலவு, தரகு எல்லாம் கழித்து, உயிர் எடையில் கிலோவுக்கு 9 கிடைக்கிறது. ஆக, இன்றைய மதிப்பு 3,420. இதைக் கணக்கிடும்போது, பயணத்திலும் பட்டினியிலும் குறையும் எடையை மறக்கக் கூடாது. 5 விழுக்காடு குறைந்தால்கூட 19 கிலோ போய்விடும்.

இதையே 120 நாள் வைத்திருந்து, நாளொன்றுக்கு 1.4 கிலோ ஏறினால் 168 கிலோ கூடி, எடை 548 ஆகும். தோல், தலை, குளம்பு, குடல் ஆகியவற்றை நீக்கிய பின் தொங்கும் உடலின் எடையே கறி எடை. தூய கறவை இனத்தில் அது உயிர் எடையில் 50 முதல் 53 விழுக்காடு வரையும், இறைச்சி இனக் கலப்பில் அதைவிடச் சில விழுக்காடு அதிகமாகவும் இருக்கும். 53 என்று கொண்டால் கறி எடை 290 கிலோ. கிலோவுக்கு 17 என்றால் வரவு 4,930.

செலவுப் பக்கத்தில், நாளொன்றுக்கு 10 கிலோ வீதம் தீவனம் 1,200. படுக்கை வைக்கோல், மருந்து, மின்சாரம், வண்டி, சாகும் மாட்டுக்கான ஒதுக்கீடு, முடங்கிய பணத்துக்கான வட்டி எல்லாம் சேர்த்து 170. இவற்றோடு இன்றைய மதிப்பு 3,420. மொத்தம் 4,790. எனவே மிச்சம் 140 மட்டுமே. வரவாக வந்த 4,930-ஐப் பார்த்து மகிழ்ந்துவிட்டுக் கீழே இறங்கினால், நான்கு மாத உழைப்புக்கு இந்தச் சிறு தொகைதான் காத்திருக்கிறது.

இத்துடன் நிறுத்திவிடாமல் கணக்கைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். எடையேற்றம் 1.4-க்குப் பதில் 1.2 கிலோவாக இருந்தால் இறுதி எடை 524, கறி எடை 278, வரவு 4,726, 64 நட்டம். எடை சரியாக வந்து, கொழுப்பு போதவில்லை என்று விலையில் 5 விழுக்காடு பிடித்தாலோ நட்டம் 106. இலாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையே இருப்பது நாளொன்றுக்கு 200 கிராம்தான் என்பதால், எடையேற்றத்தை நான் எப்போதும் என் பழைய பதிவேட்டிலிருந்தே எடுப்பேன். தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்து அல்ல.

செலவு 4,790-ஐக் கறி எடை 290-ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. இதற்குக் கீழே விலை இறங்கக்கூடும் என்று தோன்றினால், முன்கூட்டியே விலை பேசி உறுதி செய்துகொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் விற்பதே மேல்.

படி 4: கொட்டகை தாங்குமா என்று பாருங்கள்

கணக்கு சாதகமாக இருந்தாலும் இடமும் பாதுகாப்பும் இல்லையென்றால் வளர்க்க முடியாது. பருவமெய்திய காளை, கையிலிருந்து பால் குடித்து வளர்ந்ததாகவே இருந்தாலும், ஆபத்தானது. சொல்லப்போனால் தனியாகக் கையில் வளர்ந்த காளைக்கு மனிதரிடம் அச்சம் இருப்பதில்லை. உறுதியான கம்பித் தடுப்பு, தீவனத் தொட்டியை வெளியிலிருந்தே நிரப்பும் வசதி, அடைத்து நிறுத்தும் ஒடுங்கிய வழி ஆகிய மூன்றும் இல்லாதவர் இப்போதே விற்றுவிடுவது நல்லது. தண்ணீரும் முக்கியம். 500 கிலோ காளை வெயில் நாளில் 50 லிட்டருக்கும் மேல் குடிக்கும்.

ஒன்றாக வளர்ந்த காளைகளைப் பிரிக்கவோ, வேற்றுக் கூட்டத்தோடு சேர்க்கவோ கூடாது. ஒருமுறை இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, இரண்டு கொட்டடிகளில் இருந்த காளைகளை ஒன்றாக விட்டேன். இரவெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முட்டி மோதி, விடிந்தபோது ஒன்று ஈரத் தரையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தது. தொட்டியில் தீவனம் பாதி அப்படியே இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் எடை ஏறவே இல்லை. விற்பனைக்கு ஏற்றும் நாளில் இப்படி நேர்ந்தால் இன்னும் மோசம். தசையில் சேமித்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், இறைச்சி போதிய அமிலத்தன்மை பெறாமல் கருத்து, பிசுபிசுப்பாகி விலை போகாது.

படி 5: கூட்டத்தைப் பங்கிடுங்கள்

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றோ, எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. நான் பார்த்தவரை, பெரும்பாலும் பாதிக் கூட்டத்துக்குத்தான் கணக்கு பொருந்துகிறது. நன்றாக எடையேறும் கலப்புக் காளைகளை வைத்துக்கொண்டு, வயதுக்கேற்ற எடையில்லாதவை, கன்றுப் பருவத்தில் நிமோனியா கண்டு தேறியவை, மெலிந்த எலும்புக்கூட்டுத் தூய கறவை இனத்தவை ஆகியவற்றை முதலில் விற்கலாம். விற்கவேண்டியவை முழுக் கொட்டடியாகப் போவதுபோல் அமைந்தால், எஞ்சிய கூட்டம் கலையாது.

படி 6: வளர்ப்பதென்று முடிவானால்

அடர்தீவனத்தை ஒரேயடியாக ஏற்றக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் பழகும். இல்லையென்றால் வயிற்றில் அமிலம் மிகுந்து மாடு தீவனத்தை ஒதுக்கும், சாணம் தண்ணீராகப் போகும், குளம்பு நோகும். முழு அளவை எட்டிய பிறகும் உணவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வைக்கோல் போன்ற நார்த்தீவனம் இருக்க வேண்டும். தானியத்தில் பாஸ்பரஸ் மிகுதி என்பதால், சிறுநீர்க் கல் வராமலிருக்க, சுண்ணாம்புச் சத்து அதைப்போல் இருமடங்கு இருக்கும்படி தாதுக் கலவையைச் சேர்க்க வேண்டும்.

முன்போலவே மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். கறவை இனக் காளை தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்ப்பதற்கு முன், சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கொழுப்புக்கு நமக்கு விலை கிடையாது. அதனால் வயிறு பெருத்ததைக் கண்டு தயாராகிவிட்டது என்று எண்ணாமல், மாட்டை அடைத்து நிறுத்தி, வாலடியின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் மேலும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் இன்னும் நாள் இருக்கிறது. மெத்தென்று சற்று அழுத்திய பிறகு தட்டுப்பட்டால் வாங்குபவரை அழைக்கலாம்.

ஒவ்வொரு எடையின்போதும், கடந்த மாதம் தின்ற தீவனத்தின் செலவை, அந்த மாதம் ஏறிய கிலோக்களின் மதிப்போடு ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் ஆறு கிலோ தீவனத்தில் ஏறிய ஒரு கிலோ, முடிவில் எட்டு, ஒன்பது கிலோ கேட்கத் தொடங்கும். தின்ற செலவு ஏறிய மதிப்பைத் தாண்டும் மாதத்தில், திட்டமிட்ட 120 நாள் முடியாவிட்டாலும் ஏற்றிவிடுங்கள். ஏற்றும் முன், கடைசியாகப் போட்ட மருந்துக்குரிய காத்திருப்புக் காலம் (இறைச்சிக்கு விற்கும் முன் விட வேண்டிய நாட்கள்) முடிந்துவிட்டதா என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.