ஜவுளிக்கடையில் நாற்காலி தரவில்லையா? புகார் இப்படிக் கொடுங்கள்

கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவையே சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் பல கடைகளில் நாற்காலி மூலையில் கிடக்கும், அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். அதுவும் மீறல்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார முடிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிரிவே.

முதலில் ஆதாரம். வேலை நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், அடையாள அட்டை, சம்பளம் வந்த வங்கிப் பதிவு, "ஞாயிறும் வரணும்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, எதையும் அழிக்காதீர்கள்.

அப்புறம் உங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு மனு. "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் எதைப் பார்ப்பார்? கடையின் முழு முகவரி, எந்தத் தளம், எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வார விடுமுறை உண்டா என்று எழுதுங்கள். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கினால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அந்தக் கணக்கையும் சேருங்கள். உங்கள் பெயரை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று மனுவிலேயே கேளுங்கள், முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து, இல்லை தொழிற்சங்கம் மூலமாகக் கொடுங்கள், தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். நேரில் போக முடியாதவர்கள் முதலமைச்சரின் உதவி எண்ணான 1100-க்குப் பேசலாம். பதிலே வரவில்லை என்றால், ஆய்வு நடந்ததா, அறிக்கை என்ன என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.