ஊசிக்கும் ஆறாத மணல் ஈப் புண்: அடுத்து என்ன செய்வது?

வன்னியில் வயல், காடு, மாட்டுப்பட்டி என்று திரிகிறவர்களுக்கு முகத்திலோ கைகாலிலோ ஒரு பரு வரும். மெல்லப் பெருத்து, நடுவில் பொருக்குக் கட்டிப் புண்ணாகும். நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நோகாததால்தான் பலர் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

வழமையான மருந்து சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேற். கிழமைக்கு ஒருமுறை புண்ணிலேயே ஊசியாகப் போடுவார்கள். ஒட்டுண்ணி கூடுதலாக இருப்பது தடித்த விளிம்பில். அதனால் சுற்றிவர நாலு பக்கமும், தோல் வெளிறும்வரை மருந்து இறங்க வேண்டும். நடுக்குழியில் குத்தினால் மருந்து வெளியே வழிந்துவிடும்.

பல கிழமை போட்டும் ஆறவில்லையா? மருந்தைக் குறை சொல்லமுன் கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். அரிவுவெட்டு நேரத்தில் தவறவிட்ட கிழமைகள் எத்தனை? அடுத்தது, புண் புதிதாக நோகிறதா, சீழ் நாறுகிறதா? அப்படியென்றால் பக்டீரியா சேர்ந்திருக்கலாம். முதலில் அதற்கு மருந்து வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நோயே வேறாக இருக்கலாம். தொழுநோய், தோல் காசநோய், பூஞ்சை, தோல் புற்றுநோய் எல்லாம் இதே தோற்றத்தில் வரும். பழைய புண்ணில் ஒட்டுண்ணி குறைவு என்பதால், சுரண்டி எடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை என்பதை முடிவாக எடுக்கக்கூடாது. பயொப்சி (சிறு தோல்துண்டை எடுத்துச் சோதிப்பது), பிசிஆர் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் சோதனை) பற்றித் தோல் வைத்திய நிபுணரிடம் கேளுங்கள்.

உண்மையிலேயே மருந்துக்கு அசையாத புண்ணுக்குத் திரவ நைதரசனால் உறையவைப்பது ஒரு வழி. மற்றது வெப்பச் சிகிச்சை: விறைப்பு ஊசி போட்டு, கருவியால் 50 பாகை செல்சியஸ் சூட்டை 30 செக்கன் கொடுப்பார்கள். பிறகு சில நாள் கொப்புளம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். வீட்டில் இரும்பைக் காய்ச்சிச் சுட்டால் மேல்தோல்தான் கருகும், ஒட்டுண்ணி அடியில் தப்பிவிடும். புண்கள் பலவென்றால் அதே ஸ்டிபோகுளுக்கோனேற்றைத் தசையில் ஊசியாகப் போடலாம். இருதயம், ஈரல், கணையத்தைக் கண்காணிக்க வேண்டிய மருந்து அது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

வீட்டில், அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, துணியை நனைத்துப் பொருக்கை ஊறவையுங்கள். பிய்க்க வேண்டாம். எருக்கம்பால் கிட்டவும் வேண்டாம், தோலை அவித்துவிடும்.

பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து மாதம் ஒருமுறை படம் எடுங்கள். ஆறிய பிறகும் ஆறு மாதம் கவனியுங்கள். தழும்பின் ஓரத்தில் சிவந்த பரு எழும்பினால் அந்தப் படங்களோடு திரும்பக் கிளினிக்குக்குப் போங்கள்.