லேசர் பிரிண்டரும் டோனரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோனர் சட்டையில் கொட்டிவிட்டால் பலரும் முதலில் செய்வது வெந்நீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைப்பதுதான். எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீருக்கு இளகும், அதனால் இதுவும் இளகும் என்ற நம்பிக்கை. டோனரில் இதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. அது மை இல்லை, பிளாஸ்டிக் பொடி. ஸ்டைரீன் அக்ரிலேட் அல்லது பாலியெஸ்டர் பிசினோடு நிறமி, கொஞ்சம் மெழுகு, மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பொருள் எல்லாம் சேர்த்துத் தயாரிப்பது. கறுப்பு டோனரில் நிறமியாக இருப்பது கரித்தூள். ஒரு துகளின் அளவு ஏறக்குறைய 5 முதல் 10 மைக்ரான். சூடு பட்டால் இளகி, எதன்மேல் கிடக்கிறதோ அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. வெந்நீரும் தேய்ப்பும் அதற்கு உதவி செய்வதுபோல் ஆகிவிடும்.

துணியில் கொட்டினால் முதலில் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். ஒட்டியிருப்பதை உலர்ந்த துணியால் தட்டி எடுத்துவிட்டு, அப்புறம் குளிர்ந்த நீரில் அலசுங்கள். கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடக் கூடாது. தரையில் கொட்டினால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரைக் கொண்டுவர வேண்டாம். அவ்வளவு நுண்ணிய பொடி சாதாரண ஃபில்டரைத் தாண்டி, மறுபக்கம் அறை முழுக்கப் பரவும். மோட்டாருக்குள் புகுந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. டோனருக்கென்றே நுண்ஃபில்டர் வைத்த வேக்குவம் தனியாக இருக்கிறது.

மற்ற தவறுகளுக்குப் போகுமுன் உள்ளே நடப்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். கார்ட்ரிட்ஜில் பச்சையாகவோ நீலமாகவோ மினுங்கும் உருளைதான் டிரம். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் பூச்சு அதன்மேல் இருக்கிறது. பெரும்பாலான சிறிய பிரிண்டர்களில் இந்த டிரம்முக்கு முதலில் இருட்டில் சீரான எதிர்மின்னேற்றம் கொடுக்கப்படும். வேகமாகச் சுழலும் பலமுகக் கண்ணாடி லேசர் கற்றையை அதன்மேல் வரிவரியாக ஓட்டும். கற்றை பட்ட புள்ளிகளில் மின்னேற்றம் வடிந்துவிடும். டோனரும் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால், வடிந்த புள்ளிகளில் மட்டும் போய் ஒட்டும். தாளுக்குப் பின்னாலிருந்து டிரான்ஸ்ஃபர் ரோலர் நேர்மின்னேற்றம் கொடுத்து அந்தப் பொடியைத் தாளுக்கு இழுக்கும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்குமே, அதே விசைதான். இந்தக் கட்டத்தில் தாளில் இருப்பது வெறும் பொடி, விரல் பட்டால் கலைந்துவிடும். கடைசியில் ஃப்யூசர், ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அழுத்தத்திலும் அதை உருக்கித் தாளின் நார்களில் பதிக்கும். டிரம்மில் மிஞ்சிய பொடியை ஒரு ரப்பர் பிளேடு வழித்துக் கழிவு அறையில் தள்ளும்.

இதன் அடிப்படை 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் ஆஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் தன் உதவியாளரோடு செய்த சோதனை. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, வெளிச்சம் காட்டி, லைகோபோடியம் பொடி தூவி, படிந்ததை மெழுகுத்தாளுக்கு மாற்றினார்கள். அன்றைய தேதியும் ஆஸ்டோரியா என்ற பெயரும் அதில் தெரிந்தன. ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் இதோடு லேசரைச் சேர்த்தார். மின்னேற்று, வெளிச்சம் காட்டு, பொடி ஒட்டு, தாளுக்கு மாற்று, சூடாக்கு என்ற வரிசை இன்றைக்கும் அப்படியே இருப்பது எனக்குப் பெரிய வியப்பு.

சரி, தவறுகளுக்கு வருவோம். டிரம் வெளிச்சத்துக்கு உணர்வுள்ளது என்றால், கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது என்ன செய்யும் என்று யூகிக்கலாம். நீண்ட நேரம் வெளிச்சம் பட்டால் பூச்சு சோர்ந்துபோய், அச்சில் கறுப்புத் திட்டுகளோ மங்கல் பட்டைகளோ வரும். வெளியே எடுத்தால் கறுப்பு உறையில் போடுங்கள், அல்லது தடித்த துணியால் மூடுங்கள். டிரம்மை விரலால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அச்சில் கறையாகத் தெரியலாம். டிரான்ஸ்ஃபர் ரோலரின் கறுப்பு ஸ்பாஞ்சுக்கும் இதே விதி.

அச்சில் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் உடனே புது கார்ட்ரிட்ஜ் வாங்கிவிடுவதும் தவறுதான். ஒரு ஸ்கேல் எடுத்து ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அந்தத் தூரம், குறையுள்ள உருளையின் சுற்றளவு. 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் நகரும், 30 மில்லிமீட்டர் என்றால் 94. எந்த உருளைக்கு எவ்வளவு இடைவெளி என்ற அட்டவணை பல மாடல்களின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். டிரம்மின் அளவோடு பொருந்தினால் டிரம்மை மாற்ற வேண்டும். ஃப்யூசரின் அளவோடு பொருந்தினால் எத்தனை கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும் அந்தப் புள்ளி போகாது. ஒரு ஸ்கேலால் இவ்வளவு செலவைத் தவிர்க்க முடிகிறபோது, அளக்காமல் பாகம் மாற்றுவதை நான் ஒப்பவே மாட்டேன்.

புள்ளிக்குப் பதில் மேலிருந்து கீழாக நீளக் கோடு வந்தால் கதை வேறு. டிரம்முக்கு மின்னேற்றம் கொடுக்கக் கொரோனா கம்பி என்ற மெல்லிய கம்பி வைத்த டிரம் யூனிட்டுகளில் அந்தக் கம்பியைத் துடைக்க ஒரு சின்னத் தள்ளுகட்டை இருக்கும். அதைச் சிலமுறை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, அம்புக்குறி காட்டும் இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வழியில் விட்டுவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் நெடுக்குப் பட்டை விழும். டிரம்மும் டோனரும் தனித்தனியாக வரும் மாடல்களில், டோனர் தீர்ந்ததும் நல்ல டிரம்மையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. டிரம்முக்கு ஆயுள் அதிகம், பல டோனர்களுக்குத் தாங்கும்.

டோனர் குறைவு என்ற அறிவிப்பு பல பிரிண்டர்களில் ஒரு கணிப்புதான். அச்சு தெளிவாக இருக்கும்வரை ஓட்டலாம். மங்கினால் கார்ட்ரிட்ஜைக் கிடைமட்டமாகப் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாகச் சில முறை அசைத்தால் ஓரத்தில் ஒதுங்கிய பொடி பரவும், இன்னும் கொஞ்சம் பக்கங்கள் கிடைக்கும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் கசியும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணிக்கை ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் பொடி படும் என்ற கணக்கில் வருவது. படமும் கறுப்புப் பட்டையும் நிறைந்த பக்கங்களை அடித்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுவதில் பயனில்லை.

ரீஃபில் செய்வதை நான் குறை சொல்லவில்லை. கழிவு அறையைக் காலி செய்யாமல் மேலே பொடியை மட்டும் கொட்டுவதுதான் தவறு. நிரம்பிய கழிவு வழிந்து தாளெல்லாம் கறுப்பாகும். எல்லாக் கறுப்புப் பொடியும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் காந்தத்தால் இழுப்பதற்காக இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. உருகும் சூடும் மின்னேற்றமும் மாடலுக்கு மாடல் மாறும். பொருந்தாத பொடி, தேய்த்தால் உதிரும் எழுத்தாகவோ பக்கம் முழுக்கச் சாம்பல் படலமாகவோ தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தாள் விஷயத்தில் செய்யும் தவறுகள் மெஷினையே கெடுத்துவிடும். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளின் பூச்சு ஃப்யூசர் சூட்டில் உருகி ரோலரில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பிளாஸ்டிக் ஷீட்டும், சூடு தாங்காத பசையுள்ள ஸ்டிக்கர் தாளும் அப்படித்தான். லேசருக்கு ஏற்றது என்று உறையில் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். ஸ்டிக்கர் தாளில் ஓரிரண்டு ஸ்டிக்கரை உரித்துவிட்டு மிச்சத்தை மறுபடி அனுப்பாதீர்கள், பசை உள்ளே மாட்டும். ஸ்டேப்ளர் பின் ஃப்யூசரின் மெல்லிய உறையைக் கீறிவிடும். ஈரம் ஏறிய தாளில் மின்னேற்றம் சரியாக நிற்காது, அச்சு திட்டுத்திட்டாக வரும், தாளும் சுருளும். பிரித்த கட்டை மூடி வையுங்கள். தடித்த அட்டையில் எழுத்து உதிர்ந்தால் டோனரைப் பழிக்குமுன் அமைப்பில் தாள் வகையைத் தடித்தது என்று மாற்றிப் பாருங்கள். பொடி பதியும் அளவுக்கு ஃப்யூசர் சூட்டையோ தாள் போகும் வேகத்தையோ பிரிண்டர் மாற்றிக்கொள்ளும்.

தாள் மாட்டினால் வேகமாக இழுக்காமல், கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு இரண்டு கைகளாலும், முடிந்தவரை தாள் நகரும் திசையிலேயே மெல்ல எடுங்கள். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேசையில் பொருத்தி ஏ4 முழுதாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது. திருப்புளி விட்டுக் குடைய வேண்டாம். ஃப்யூசர் பக்கம் கை வைக்குமுன் ஆறவிடுங்கள்.

ஃப்யூசர் சூடேறும் நொடிகளில் பல பிரிண்டர்கள் 500 வாட்டைத் தாண்டி இழுக்கும், அதனால் கம்ப்யூட்டருக்கான சிறிய யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள். பிரிண்ட் முடிந்த கையோடு சுவர் ஸ்விட்சை அணைப்பதும் நல்லதல்ல, உள்ளே இருக்கும் ஃபேன் சூட்டை வெளியேற்ற நேரம் கொடுங்கள்.

எடுத்த பிரிண்டைப் பிவிசி கவரில் வைத்துப் பல மாதம் விட்டால், அந்தக் கவரை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் டோனரையும் இளக்கி, எழுத்து கவரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சான்றிதழ், பத்திரம் போன்றவற்றுக்குப் பாலிப்ராப்பிலீன் கவர் வாங்குங்கள்.