ஆறாம் வகுப்புக்குப் பள்ளி பார்க்கிறீர்களா?

ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளியில் பிள்ளை படித்தால், பொங்கல் முடிந்ததுமே வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பெரும்பாலும் பேச்சு கட்டடத்தில் ஆரம்பித்துக் கட்டணத்தில் முடியும். அதற்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்பது, ஏழு வருடம் கழித்துக் கல்லூரிச் சேர்க்கையின்போது திரும்ப வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் 2020-ல் வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. நிபந்தனை: பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. சம்பளம் அரசு கொடுக்கிறது, அதனால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. "ஒன்பது, பத்து மட்டும் மெட்ரிக்கில் படிக்கட்டும், பதினொன்றுக்குத் திரும்பி வந்துவிடலாம்" என்ற திட்டமும் இங்கேதான் உடைகிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. ஆக, இரண்டுக்கும் விதி ஒன்றல்ல.

பயிற்று மொழியும் இதே மாதிரிதான். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு, 2020-ல் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். ஐந்து வரை தமிழில் படித்த பிள்ளையை ஆறில் ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாற்றினால் அந்த வாசல் மூடிவிடும். மாற்றவே கூடாது என்பதில்லை. தெரிந்து மாற்றுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அந்தத் தொகை எவ்வளவு என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. ஒன்பதில் போய்ப் பள்ளி தேடுவது கடினம்.

அடுத்து அங்கீகாரம். "சிபிஎஸ்இ முறையில் பாடம்" என்று பலகை வைத்திருப்பது வேறு, சிபிஎஸ்இ இணைப்பு பெற்றிருப்பது வேறு. இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த வகுப்புவரை இணைப்பு, எந்த ஆண்டுவரை செல்லும் என்று இரண்டும் தெரியும். எட்டுவரைதான் அனுமதி இருந்தால், பத்தாம் வகுப்பை உங்கள் பிள்ளை வேறொரு பள்ளியின் பெயரில் எழுத நேரும். சிபிஎஸ்இ ஒன்பதிலேயே பெயரைப் பதிவு செய்துவிடும் என்பதால், பத்தாம் வகுப்பில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கவும் முடியாது. மெட்ரிக் பள்ளியானால் அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் இருந்தால்தான் அது புதுப்பிக்கப்படும். 2004-ல் கும்பகோணத்தில் கூரைக் கொட்டகை எரிந்து 94 குழந்தைகள் இறந்த மாநிலம் இது. அந்தச் சான்றைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸுக்கு வருவோம். "பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி." இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர், அதற்கு முந்தைய வருடம் ஒன்பதில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்பதில் 80 பேர் இருந்து பத்தில் 60 பேர் எழுதியிருந்தால், மீதி 20 பேர் எங்கே போனார்கள்? மாநில அரசின் விதிப்படி எட்டுவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்க முடியாது, ஒன்பதில் முடியும். தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்வது அப்போதுதான் நடக்கிறது. பள்ளி எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் 11 இலக்க அடையாள எண்ணான யூடைஸ் எண்ணை வைத்து இணையத்தில் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33-ல் தொடங்கும்.

முதல் மதிப்பெண் எவ்வளவு என்று யாரும் கேட்பார்கள். நீங்கள் கடைசிப் பத்துப் பேர் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். 35, 36 என்று தொங்கிக்கொண்டு தேறினார்களா, 55, 60-க்கு வந்தார்களா? தலைமை ஆசிரியர் யோசிக்காமல் சொன்னால், அந்தப் பள்ளியில் பின்வரிசையையும் ஒருவர் கவனிக்கிறார்.

இன்னொரு பழைய வியாதி: ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் தாவிப் பத்தாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைப்பது. பதினொன்று, பன்னிரண்டில் இது இன்னும் மோசம். 2017-18-ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை விலக்கிக்கொண்டது. தடை போனதால் பழக்கம் திரும்பலாம். கண்டுபிடிப்பது எளிது. தை மாதத்தில் அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் பையில் எந்த வகுப்புப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள்.

பைக்குள் இன்னொன்றும் இருக்கிறது: நோட்டு. பள்ளியைப் பற்றி ஒரே ஒரு பொருளைப் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். தெருவில் அங்கே படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளை வேண்டாம், நடுத்தரமாகப் படிக்கிற பிள்ளை. கணக்கு நோட்டையும் அறிவியல் நோட்டையும் வாங்கிப் பத்துப் பக்கம் புரட்டுங்கள். கணக்கில் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு பெரிய சிவப்பு டிக், அடியில் சுருக்கொப்பம். ஆனால் மூன்றாவது வரியில் கழித்தல் குறி விட்டுப்போய் விடை தப்பாக வந்திருக்கும். டிக் அதன் மேலேயே போயிருக்கும். அந்த நோட்டை யாரும் படிக்கவில்லை. தப்பான அந்த வரியை மட்டும் வட்டமிட்டு, பக்கத்தில் பிள்ளை அதைத் திரும்பப் போட்டிருந்தால், அந்த ஆசிரியரிடம் தாராளமாக அனுப்பலாம். அறிவியலில், இரண்டு பிள்ளைகளின் நோட்டை அருகருகே வையுங்கள். விடைகள் ஒன்றுபோலவே, எழுத்துப்பிழை உட்பட இருந்தால், பலகையிலிருந்தோ கைடிலிருந்தோ பார்த்து எழுதியவை.

பள்ளிக்குப் போவதானால் இடைவேளை மணி அடிக்கிற நேரத்துக்குப் போங்கள். சேர்க்கை விசாரிக்க வருகிறவர்களை வகுப்பு நடக்கும் நேரத்தில் அமைதியான வராந்தாவில் அழைத்துப் போவதுதான் வழக்கம். இடைவேளையில்தான் கழிப்பறை தெரியும். எத்தனை பேருக்கு எத்தனை, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகள் பக்கத்தில் நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? அப்பா மட்டும் போனால் இதைப் பார்க்க முடியாது. அம்மாவோ அத்தையோ கூடப் போகட்டும். அங்கே படிக்கும் பிள்ளைகள் சாயங்காலம் தண்ணீர் பாட்டிலைக் குடிக்காமல் அப்படியே கொண்டுவருகிறார்களா என்று அவர்கள் வீட்டில் கேட்டாலும் விடை கிடைத்துவிடும்.

ஆய்வகம் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உண்டு. தொட்டிக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், பியூரெட்டின் திருகு சுற்ற வேண்டும், மேசையில் அமிலக் கறை இருக்க வேண்டும். பளபளவென்று கறையே இல்லாத ஆய்வகம் காட்சிக்கு வைத்தது.

ஆசிரியர்களைப் பற்றி ஒரே கேள்வி போதும். அரசுப் பள்ளியில்: இப்போது எந்தப் பாடத்துக்கு இடம் காலி? தனியார் பள்ளியில்: இரண்டு வருடத்தில் கணக்கு ஆசிரியர் எத்தனை பேர் மாறினார்கள்? பன்னிரண்டுவரை உள்ள பள்ளி என்றால் என்னென்ன குரூப் இருக்கிறது, சொந்தப் பள்ளிப் பிள்ளைக்கே பயோ-மேத்ஸ் தர எவ்வளவு மதிப்பெண் கேட்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பத்தோடு முடிகிற உயர்நிலைப் பள்ளியாக இருந்தால், ஐந்து வருடத்தில் இந்த அலைச்சல் இன்னொரு முறை உண்டு.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். பள்ளிப் பேருந்து உங்கள் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது, சாயங்காலம் எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது என்று பாருங்கள். எட்டு கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்கு, ஊரைச் சுற்றி வரும் வண்டியில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போக வர இரண்டரை மணி நேரம் தினமும் போனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு விளையாட நேரமில்லை.

தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு பள்ளிவாரியாக முடிவு செய்கிறது. அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு போங்கள். அதற்கு மேல் கேட்பதெல்லாம் வேன், சீருடை, நோட்டு, சிறப்பு வகுப்பு என்று தனித்தனித் தலைப்பில் வரும். ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு வைப்பதையும் நன்கொடை வாங்குவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. "சும்மா ஒரு சின்ன டெஸ்ட்" என்பதும் தேர்வுதான்.

பள்ளி முடிவானதும், பழைய பள்ளியில் டிசி வாங்கினால் மட்டும் வேலை முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரை அவர்கள் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் புதிய பள்ளி சேர்க்க முடியாமல் ஜூன் முழுக்க அலைய வைக்கும். டிசி வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக்கூடாது. மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குக் கூப்பிடுங்கள். டிசி கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு நகராமல் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைப் பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். எமிஸில் இருப்பதும் அதேதானா என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகப்போவது அந்தத் திரையில் இருக்கும் பெயர்தான்.