ஆம்ப்பில் சிவப்பு விளக்கு அணையவில்லையா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

காரில் பாட்டு செட்டைப் போட்டால் ஆம்ப்பில் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பச்சைக்குப் பதில் சிவப்பு எரிகிறது, பாஸ் சத்தம் தரும் சப்ஊஃபரில் சத்தமே இல்லை. உடனே 'ஆம்ப் போச்சு' என்று முடிவு கட்டி புதுசு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பொறுங்கள், அந்தச் சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரிந்தால் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவுட்புட்டை நிறுத்தி வைத்திருக்கிறது என்று அர்த்தம், கோளாறு பல நேரம் வெளியேதான் இருக்கும்.

இருப்பதிலேயே ஆபத்தான வேலை, 30 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதே என்று 60 போடுவது. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் இருப்பது வயருக்காக. அதைப் பெரிதாக்கினால் அடுத்து உருகப்போவது தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் வயர், அப்புறம் காரே பற்றிக்கொள்ளலாம். சரியாகிவிடும் என்று செட்டை ஆன் ஆஃப் செய்துகொண்டே இருப்பதும் வேண்டாம், எங்காவது ஷார்ட் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள்தான் அடி வாங்கும்.

சரி, என்ன செய்வது? செட்டை ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் வயர்கள், செட்டிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள் எல்லாவற்றையும் ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். பேட்டரி பிளஸ், எர்த், ரிமோட் (செட்டை ஆன் செய்ததும் ஆம்ப்பையும் ஆன் செய்யும் மெல்லிய வயர்) மூன்றும் மட்டும் இருக்கட்டும். இங்கேயும் ஒரு தவறு நடக்கும்: ஆர்சிஏ மாட்டியிருக்கும்போதே ஆம்ப்பின் எர்த்தைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் மொத்தக் கரண்டும் ஆர்சிஏ கேபிளின் மேல்வலை வழியாகப் பாய்ந்து, செட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய தடம் கருகிவிடும். அதற்குப் பிறகு எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு 'ஊங்ங்' சத்தம் வரும், காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைவார்கள்.

மூன்று வயரோடு விளக்கு பச்சையானால் குற்றவாளி வெளியே. ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியையும் மல்டிமீட்டரில் பாருங்கள், 4 ஓம் ஸ்பீக்கர் 3 சொச்சம் காட்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஒரு முனையை ஸ்பீக்கர் வயரிலும் இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வையுங்கள், எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் கதவுக் கீல் பக்கம் வயர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள்.

ஓம் கணக்கில் சொதப்புவதும் ரொம்ப சகஜம். இரட்டை 4 ஓம் காயில் உள்ள இரண்டு ஊஃபர்களின் நான்கு காயில்களையும் பேரலலாகச் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்தால் 1 ஓம்தான். ஆம்ப்பின் இரண்டு சேனலை ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்தால் பெரும்பாலான ஆம்ப்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது, சத்தத்தைக் கூட்டியதும் படுத்துவிடும்.

எர்த்தைப் பெயின்ட் மேலேயே முடுக்குபவர்களை என்ன சொல்வது! உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்க வேண்டும், வயர் பிளஸ் அளவு தடிமனாக இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். வோல்டேஜைப் பார்ப்பதும் பேட்டரியில் அல்ல, பாட்டு ஓடும்போது ஆம்ப் டெர்மினலில்.

கொஞ்ச நேரம் ஓடியபின் நின்று, ஆறியதும் தானே வந்தால் அது சூடு. காற்று போக வழி விடுங்கள்.

டெர்மினலில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் மூன்று வயரோடு சிவப்பே எரிந்தால் உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ரிப்பேர்காரரிடம் கொடுக்கும்போது கருகிய ஒன்றை மட்டும் மாற்றாமல் அந்த வரிசை முழுவதையும் ஒரே ரகத்தில் மாற்றச் சொல்லுங்கள்.