தோட்டத்துப் பிராணியை வகை பிரிப்பது எப்படி? காலை எண்ணும் முன் கொம்பைப் பாருங்கள்

அண்ணன் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டைச் சுற்றி இருக்கும் கணுக்காலிகளில் (பூச்சி, சிலந்தி, பூரான் போன்றவை) பத்தைக் கண்டுபிடித்து வகை பிரிக்க வேண்டும். "ஆறு கால்னா பூச்சி, எட்டு கால்னா சிலந்தி, அவ்ளோதானே சித்தப்பா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

வேண்டியவை: ஒரு வெள்ளைத் தட்டு, உள்ளே இருப்பது தெரிகிற மூடிபோட்ட டப்பா, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுவே போதும். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் எனக்குச் சரிப்படவில்லை. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பிராணி அடுத்த கிளைக்குப் போய்விடுகிறது. படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கிடைத்துவிட்டால் யாரும் அப்புறம் உற்றுப் பார்ப்பதில்லை.

படி 1: கணுக்காலிதானா?

கணுக்கணுவாக மடங்கும் கால்கள், துண்டு துண்டாகப் பிரிந்த உடல், வெளியே கைட்டின் என்ற பொருளால் ஆன கெட்டி ஓடு. மூன்றும் இருக்க வேண்டும். நண்டு சாப்பிட்டவர்களுக்கு ஓட்டைப் பற்றி விளக்கவே வேண்டாம். அந்த ஓடு உடலோடு சேர்ந்து வளராது, அதனால் அவ்வப்போது கழற்றிப் போட வேண்டும். குளியலறையில் வெள்ளைக் கரப்பான் தென்பட்டால் அது வேறு இனம் இல்லை, அப்போதுதான் சட்டை உரித்திருக்கிறது. மண்புழுவுக்கு வளையங்கள் உண்டு, கால் இல்லை. நத்தைக்கு ஓடு உண்டு, கணு இல்லை. இரண்டையும் விட்டுவிடலாம்.

படி 2: உணர்கொம்பு எத்தனை ஜோடி?

கொம்பே இல்லையென்றால் சிலந்தி, தேள், உண்ணி கூட்டம். ஒரு ஜோடி என்றால் பூச்சி, அல்லது பூரான், மரவட்டை. இரண்டு ஜோடி என்றால் நண்டு, இறால் கூட்டம். சந்தையில் வாங்கிய இறாலில் பழகுங்கள். அதன் குட்டைக் கொம்பு இரண்டாகக் கிளைத்திருக்கும், அதைத் தனி ஜோடியாக எண்ணிவிடாதீர்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். கொய்யா மரத்தில் முசுறு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கொம்பு ஒரு ஜோடி, கால் ஆறு, பூச்சி என்று எழுதியாயிற்று. மறுநாள் அதே கிளையில் ஒன்றைக் குச்சியால் தட்டினேன். அது கீழே விழாமல் நூல் விட்டுத் தொங்கியது! எறும்பு ஏது இப்படி நூல் விடும்?

முசுறைப் போலவே நிறமும் உடலும் கொண்ட ஒரு சிலந்தி அது. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு, மீதி ஆறில் நடக்கிறது. ஆண் சிலந்தியின் தாடை நீளமாக முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், ஒரு எறும்பு இன்னொன்றைத் தூக்கிப் போவதுபோல இருக்கும். ஆகவே கொம்பு இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள். உண்மையான கொம்பு முகத்திலிருந்து வரும். இதற்கு லென்ஸ் கட்டாயம் வேண்டும்.

படி 3: இப்போது காலை எண்ணலாம்

பூச்சிக்கு 3 ஜோடி, சிலந்தி வகைக்கு 4 ஜோடி. 'எட்டுக்கால் பூச்சி' என்று பெயர் வைத்துவிட்டு, அது பூச்சியே இல்லை என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் சங்கடம்தான். தேளின் முன்னால் இடுக்கி மாதிரி இருக்கும் கொடுக்குகளைக் காலோடு சேர்த்தால் பத்து வரும், சேர்க்கக்கூடாது. சிலந்தியின் வாயருகே இருக்கும் குட்டைக் கால் போன்ற ஜோடியும் அப்படித்தான். கம்பளிப்பூச்சியில் மார்பில் இருக்கும் 3 ஜோடிதான் நிஜக் கால். பின்னால் இருப்பவை பிடித்துக்கொள்வதற்கான சதை முளைகள், அவற்றில் கணு இருக்காது.

படி 4: கால் ஏராளமாக இருந்தால்

ஒரு துண்டுக்கு ஒரு ஜோடி என்றால் பூரான். பெரும்பாலான துண்டுகளில் இரண்டிரண்டு ஜோடி என்றால் மரவட்டை. பூரானைக் கையால் எடுக்காதீர்கள். அதன் முதல் ஜோடிக் கால்களே நஞ்சுக் கொடுக்காக மாறியிருக்கின்றன. டப்பாவைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகுங்கள்.

பின்சேர்க்கை: பூந்தொட்டிக்கு அடியில், தொட்டால் உருண்டையாகச் சுருளும் சாம்பல் நிறப் பிராணி எதில் சேரும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொம்பு ஒரு ஜோடி, கால் 7 ஜோடி என்று எண்ணியும் வைத்திருந்தார். சரியாகத்தான் எண்ணியிருக்கிறார், என் படி 2தான் அவரைக் கைவிட்டது. அது தரையில் வாழும் நண்டு உறவு. இன்னொரு ஜோடிக் கொம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இதே மாதிரி சுருளும், ஆனால் கோலிக்குண்டு அளவில் இருக்கும் ஒன்றைப் பார்த்தால், அது மரவட்டை வகை. பிரித்துப் பார்க்க வேண்டாம். தட்டில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருங்கள், தானே விரியும், அப்போது எண்ணிக்கொள்ளலாம்.